வீட்டிலேயே குழந்தைக்குத் தையல் சொல்லிக்கொடுக்க: ஊசியில் தொடங்கி மஞ்சப்பை வரை

என் மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, "அப்பா, எனக்குத் தைக்கக் கத்துக்கணும்" என்று கேட்டாள். நான் செய்த முதல் தப்பு, உடனே ஒரு பழைய மெஷினை வாங்கி அவளை அதில் உட்காரவைத்தது. கால் சரியாக எட்டவில்லை. சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றி நூல் அறுந்தது. மூன்றாம் நாள் ஊசி உடைந்து துண்டு தெறித்தது. முகத்தில் படாதது எங்கள் அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு நான்கு மாதம் அவள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. கோடை விடுமுறையில் ஒரு வகுப்பில் சேர்த்தேன். அங்கே முதல் வாரமே பெரியவர்கள் போடும் பிளவுசுக்குப் பேப்பர் கட்டிங் சொல்லிக்கொடுத்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை டார்ட் (உடல் வடிவுக்காகப் பிடிக்கும் மடிப்பு) அளவை எழுதிக்கொண்டு வந்து அழுதது.

பிறகுதான் எங்கள் தெருமுனை டெய்லர் அண்ணனிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னதையும், வீட்டில் நாங்கள் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்ததையும் வைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை மெஷின் கடைசியில் வந்தது. சின்னவன் ஆறு வயதில் இதே வரிசையில் தொடங்கினான். அவனுக்குப் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. உங்களுக்குத் தைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குழந்தைக்கு ஒரு பாடம் முன்னால் நீங்கள் இருந்தால் போதும்.

1. முதலில் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஊசி குத்தத்தான் செய்யும். அதனால் கடைக்குப் போகும் முன் பீரோவில் இருக்கும் தடுப்பூசி அட்டையை எடுங்கள். நம் நாட்டு அட்டவணைப்படி ரண ஜன்னிக்கான (டெட்டனஸ்) பூஸ்டர் ஒன்றரை வயதை ஒட்டி ஒன்று, 5 வயதில் ஒன்று. அப்புறம் 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசி. ஏதாவது விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள், இலவசமாகவே போடுவார்கள். எங்கள் வீட்டில் சின்னவனுக்கு 5 வயது ஊசி தள்ளிப்போனதே இப்படிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

2. எந்த வயதில் எதைக் கொடுப்பது

4, 5 வயதுக்கு ஊசியே வேண்டாம். அட்டைப்பெட்டியை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஓரமாகத் துளை போட்டு, ஷூ லேஸைக் கோர்க்கச் சொல்லுங்கள். மேலே போய்க் கீழே வருவதுதான் தையல் என்பது கைக்குப் பழகிவிடும்.

5, 6 வயதில் மொட்டை முனையுள்ள பிளாஸ்டிக் ஊசியும் கம்பளி நூலும். இதற்குத் துணி கூட வாங்க வேண்டாம். வெங்காயம் வரும் வலைப்பையை ஒரு அட்டைச் சட்டத்தில் இழுத்து ஒட்டிக்கொடுத்தால் போதும், கண்ணி கண்ணியாக ஊசி தானே நுழையும். சணல் சாக்கும் நன்றாக இருக்கும்.

7 வயதை ஒட்டி உண்மையான ஊசி. ஆனால் வயதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கையில் இருப்பதை வாயில் வைக்கும் பழக்கம் நின்றிருக்க வேண்டும். ஒரே இடத்தில் 15 நிமிடம் உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் ஆறு மாதம் பொறுங்கள்.

மெஷின், கால் தரையில் அழுந்தும் உயரம் வந்த பிறகுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது 9, 10 வயதில் வரும்.

பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்ற பேச்சை இதில் கொண்டுவராதீர்கள். சின்னவன் ஊசி எடுத்தபோது வீட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஊரில் இருக்கும் டெய்லர் கடைகளில் பாதிக்கு மேல் ஆண்கள்தானே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று என் அம்மாவே சொல்லி அதை நிறுத்திவிட்டார்.

3. வாங்க வேண்டியவை, ஆகும் செலவு

மெஷின் இல்லாமல் முதல் ஆறு வாரத்துக்கு எங்களுக்கு ஆன செலவு 455 ரூபாய். மதுரையில் நான் வாங்கிய விலை இது. கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

- காடா துணி 2 மீட்டர்: 140
- எம்பிராய்டரி ஊசி ஒரு பாக்கெட்: 25
- பிளாஸ்டிக் ஊசி 2: 20
- நூல் 5 கண்டு: 60
- முனை மழுங்கிய கத்தரிக்கோல்: 120
- இன்ச் டேப்: 20
- டெய்லர் சாக்: 10
- நூல் கோர்க்க உதவும் கம்பித் தகடு: 10
- நான்கு துளை பட்டன்: 20
- ஒரு காந்தம்: 30

துணியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வீட்டில் கிடக்கும் பழைய சிந்தெடிக் புடவையைக் கொடுத்தால் அது வழுக்கி ஓடும். திருப்பூரில் உறவினர் இருந்தால் பனியன் துணித் துண்டுகளை மூட்டையாக அனுப்புவார்கள், அதுவும் ஆகாது. பின்னலாடைத் துணி இழுத்தால் நீளும், குழந்தை தைத்து முடிப்பதற்குள் ஓரம் அலை அலையாகிவிடும். ஜீன்ஸ் துணியில் ஊசி இறங்காது. பழைய வேட்டி மெல்லியது, சுருங்கிக்கொள்ளும். காடாதான் சரி. விறைப்பாகக் கையில் நிற்கும், இழை இடைவெளி கண்ணுக்குத் தெரியும், விலையும் குறைவு. வாங்கி வந்ததும் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, அலசிக் காயப்போட்டுத் தேய்த்த பிறகே வெட்டுங்கள். கஞ்சி போய்த் துணி சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் குழந்தையின் உழைப்பு வீண்.

பயிற்சிக்கு இன்னொரு துணி இருக்கிறது, அதற்குக் காசே வேண்டாம். கட்டம் போட்ட பழைய பருத்திக் கைலி. கட்டத்தின் கோடே தையலுக்குக் கோடு. பென்சிலும் ஸ்கேலும் வைத்துப் புள்ளி குத்திக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரிந்தபோது பெரிய வேலை மிச்சமானது.

ஊசி வாங்கும்போது "காது நீளமா இருக்கிற ஊசி" என்று கேளுங்கள். கை ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும். மெஷின் ஊசியில் இது தலைகீழ், எண் கூடினால் தடிமன் கூடும். கடையில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நூல், துணிக்கு எதிர் நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைக் காடாவில் சிவப்போ நீலமோ. அப்போதுதான் தன் தையல் எங்கே போகிறது என்று குழந்தைக்குத் தெரியும். எம்பிராய்டரி நூல் ஆறு இழையாக வரும், அதில் மூன்றைப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

குண்டூசி வாங்க வேண்டாம். டெய்லர்கள் வாயில் குண்டூசி வைத்துக்கொள்வதைக் குழந்தைகள் பார்த்திருப்பார்கள், அப்படியே செய்வார்கள். துணியைச் சேர்த்துப் பிடிக்க, துணி காயப்போடும் கிளிப்பே போதும்.

மதுரையில் இருப்பவர்களுக்கு: புதுமண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. தையல் சாமான்களை அங்கே பார்க்கலாம், துணிக்கு விளக்குத்தூண் பக்கம். சென்னையில் என்றால் பாரிமுனையில் நாராயண முதலி தெரு. பகலிலேயே போய்விடுங்கள். சிறிய ஊர்க் கடைகளில் விளக்கு வைத்த பிறகு ஊசி கேட்டால் இன்றும் தரமாட்டார்கள்.

பேட்டரியில் ஓடும் கையடக்க மெஷின் ஐந்நூறு, ஆயிரத்துக்கு ஆன்லைனில் வருகிறது, பெட்டியில் குழந்தை படம் போட்டிருக்கும். வாங்காதீர்கள். ஒரே நூலில் சங்கிலி மாதிரி தைக்கும், ஒரு முனையை இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும். ஊசிக்குப் பக்கத்தில் விரலைத் தடுக்கவும் ஒன்றும் இருக்காது. நான் பணத்தை இழந்ததில் இதுவும் ஒன்று.

4. இடம், நேரம், ஊசிக் கணக்கு

பகல் வெளிச்சத்தில் மட்டும். பள்ளி விட்டு வந்து பால் குடித்த பிறகு, நான்கரையிலிருந்து ஐந்து மணிக்குள் எங்களுக்குச் சரியாக இருந்தது. விளக்கு வைத்த பிறகு ஊசி எடுக்கக்கூடாது என்று அப்பத்தா சொல்வதை நான் அப்படியே வைத்துக்கொண்டேன். மங்கலான வெளிச்சத்தில் விழுந்த ஊசியை யாராலும் தேட முடியாது.

ஒரு நாளைக்கு 20 நிமிடம். குழந்தை இன்னும் கேட்டாலும் எழுந்துவிடுங்கள், ஆசை மிச்சமிருக்கும்போதே நிறுத்தினால் மறுநாள் அதுவே வந்து கூப்பிடும். வாரத்துக்கு நான்கு நாள் என்றால் ஆறு வாரத்தில் பட்டன், மூன்று தையல், ஒரு பை வரை வந்துவிடலாம். முதல் முறை ஏப்ரல், மே விடுமுறையில் தொடங்குவது நல்லது. தேர்வு நேரத்தில் வேண்டாம்.

தரையில் உட்கார்ந்தால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் உட்காருங்கள். விழுந்த ஊசி கண்ணில் படும். தலைமுடியைப் பின்னால் கட்டிவிடுங்கள். கைக்குழந்தையோ தவழும் குழந்தையோ வீட்டில் இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

ஊசிக் கணக்கை ஒரு நாளும் விடாதீர்கள். தொடங்கும்போது எண்ணிக் கொடுத்து, முடிக்கும்போது எண்ணி வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று கொடுத்தால் மூன்று திரும்ப வந்த பிறகுதான் யாரும் எழுந்திருப்போம். ஒன்று குறைந்தால் காந்தத்தைத் தரையோடு தேய்த்துத் தேடுங்கள்.

ஊசி காலில் ஏறி உள்ளே உடைந்துவிட்டால் நீங்களே தோண்டாதீர்கள். காலை அசைக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள், எக்ஸ்ரே எடுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். நேராக மருத்துவமனை. வண்டி இல்லையென்றால் 108.

5. நூல் கோர்ப்பதும் முடிச்சும்

இதற்கு முதல் வாரம் முழுக்க ஒதுக்குங்கள். "நான் கோர்த்துத் தர்றேன், நீ தை" என்று அவசரப்பட்டேன். விளைவு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை "அப்பா, நூல் வந்துருச்சு" என்று குரல். தானே கோர்க்கத் தெரியாத குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் உங்கள் கை தேவைப்படும்.

நூலின் நீளத்தைக் குழந்தையின் கையாலேயே அளக்கச் சொல்லுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு முழம் அல்லவா, அப்படி அதன் கையில் இரண்டு முழம். கோர்த்து இரண்டாக மடித்து முனைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டால் ஒரு முழ நீளத்தில் இரட்டை நூல் வரும். அதற்கு மேல் நீளமாக விட்டால் சிக்கும், இழுக்கும் கை பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு நேராகவும் போகும். இரட்டை நூல் என்பதால் ஊசி கழன்று விழாது. தொடங்குகிற குழந்தைக்கு அது பெரிய நிம்மதி.

நூல் முனையைச் சாய்வாக வெட்டி, மெழுகுவர்த்தியில் ஒரு முறை இழுத்துவிட்டால் பிசிறு படியும். நூலைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நுனி மட்டும் தெரியும்படி பிடித்துக்கொண்டு, ஊசியை நூலிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். நூலை ஊசியிடம் கொண்டுபோனால் அது வளையும். முடியாத நாளில் கம்பித் தகடு இருக்கவே இருக்கிறது.

நீங்கள் குழந்தைக்குப் பக்கத்தில் உட்காருவதா, எதிரில் உட்காருவதா என்பதும் முக்கியம். இரண்டு பேரும் ஒரே கைக்காரர்கள் என்றால் பக்கத்தில், ஒரே திசை பார்த்து. குழந்தை இடது கைக்காரராக இருந்து நீங்கள் வலது என்றால் எதிரில் உட்காருங்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல அது அப்படியே பின்பற்றலாம். என் சின்னவன் இடது கை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் அவனைக் குழப்பிய பிறகுதான் இது எனக்கு விளங்கியது. இடது கைக்கான கத்தரிக்கோல் தனியாக விற்கிறது. சாதாரணக் கத்தரி அவனுக்குத் துணியை வெட்டாமல் மடித்தது.

6. மூன்று தையல் போதும்

முதலாவது ஓட்டுத் தையல். கைலிக் கட்டத்தின் கோட்டில் ஊசி ஒரு இடத்தில் இறங்கி அடுத்த இடத்தில் ஏற வேண்டும். முதலில் ஒவ்வொரு அடியாக (அடி என்றால் இங்கே ஒரு தையல்) இழுக்கட்டும். மூன்று நான்கு அடியை ஒரே ஊசியில் எடுப்பது பிறகு தானாக வரும். நூலைக் கடைசி வரை இறுக்கினால் துணி சுருங்கும், "துணி படுத்திருக்கணும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

இரண்டாவது பின் தையல், சிலர் கெட்டித் தையல் என்பார்கள். ஒரு அடி பின்னால் போய் இரண்டு அடி முன்னால் வருவது. பை, தலையணை உறை எல்லாம் இதில்தான் நிற்கும். என் மகள் "ஒண்ணு பின்னே, ரெண்டு முன்னே" என்று சொல்லிக்கொண்டே தைப்பாள்.

மூன்றாவது ஓரம் மடித்து அடிக்கும் எம்மிங். மடிப்பை நீங்கள் தேய்த்துக் கொடுத்துவிடுங்கள். இஸ்திரிப் பெட்டி குழந்தையின் கைக்குப் பெரியது.

சங்கிலித் தையல், காம்புத் தையல், பூ வேலை எல்லாம் குழந்தை கேட்டால் மட்டும்.

இந்த இரண்டாம், மூன்றாம் வாரத்தில் உங்களுக்குத்தான் அதிகக் கஷ்டம். தையல் கோணலாகப் போகும். ஒரு அடி அரை இன்ச் இருக்கும், அடுத்தது ஒரு இன்ச். கை துறுதுறுக்கும். என் மகள் முதன்முதலாகத் தைத்தது ஒரு கைக்குட்டையின் நான்கு ஓரம். ஒரு ஓரம் ரொம்பக் கோணலாக இருந்ததால், அவள் தூங்கிய பிறகு அதைப் பிரித்து நானே நேராகத் தைத்து வைத்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். காலையில் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது நான் தச்சது இல்ல" என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கைக்குட்டையை அதற்குப் பிறகு அவள் தொடவே இல்லை.

அதனால் குழந்தை தைக்கும்போது உங்கள் கை உங்கள் மடியில் இருக்கட்டும். காட்டித்தர வேண்டுமென்றால் உங்களுக்கென்று ஒரு துணி வைத்துக்கொண்டு அதில் காட்டுங்கள். பிரிக்க வேண்டுமா வேண்டாமா என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். முதல் கோணல் துணியைத் தேதி எழுதி எடுத்து வையுங்கள். ஆறாவது வாரம் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள்.

7. பட்டன் தைப்பது

நான்காவது வாரம். சட்டையைக் கழற்றி வைத்துத்தான் தைக்க வேண்டும். உடம்பில் போட்டபடி தைக்கக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஊசி குத்தும் என்பதற்காகவும்தான்.

பட்டனுக்கும் துணிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் காஜாவில் நுழையும்போது துணி சுருங்கும். பட்டன் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து அதற்கு மேலாகத் தைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஜோடித் துளைக்கும் இரட்டை நூலில் மூன்று சுற்று போதும். பிறகு குச்சியை உருவிவிட்டு, பட்டனைத் தூக்கி, அடியில் நூலை நான்கு முறை சுற்றி முடிச்சு. முதல் பட்டனை உங்கள் சட்டையில் தைக்கவிட்டு, மறுநாள் அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

8. மஞ்சப்பை

தமிழக அரசு 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கிய பிறகு குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே இது தெரிந்திருக்கிறது. கைத்தையலில் செய்ய இதைவிட நல்ல முதல் பொருள் எனக்குத் தெரியவில்லை. எல்லாம் நேர்கோடு, வீட்டில் தினமும் புழங்கும்.

36 இன்ச் அகலமுள்ள காடா ஒரு மீட்டரில் சரியாக இரண்டு பை வரும்.

வெட்டுவது: 15 இன்ச் அகலம், 35 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டு. அகலத்தில் மிச்சமாகும் 6 இன்ச்சை நீளவாக்கில் 3 இன்ச் பட்டைகளாக இரண்டு வெட்டி, ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் நான்கு கைப்பிடி. துணி சுருங்கி ஒரு இன்ச் குறைந்திருந்தால் கைப்பிடிப் பட்டையில் குறைத்துக்கொள்ளுங்கள், பையில் கை வைக்காதீர்கள். கீழே மிஞ்சும் துண்டில் உள்பை வைக்கலாம். சாக் கோட்டைக் குழந்தை போடட்டும், வெட்டுவதை 8 வயது வரை நீங்கள் செய்யுங்கள்.

தைப்பது: துண்டின் இரண்டு குறுகிய ஓரங்களையும் முதலில் அரை இன்ச், பிறகு ஒரு இன்ச் மடித்து எம்மிங். இதுதான் பையின் வாய். இதை முதலிலேயே முடித்துவிட வேண்டும். நாங்கள் பக்கங்களைத் தைத்துவிட்டு வாயை மடிக்கப் போனோம், வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தைக்க அவளால் முடியவில்லை. அப்புறம் கைப்பிடி. 3 இன்ச் பட்டையின் இரண்டு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் முக்கால் இன்ச் பட்டை. திறந்த ஓரத்தில் ஓட்டுத் தையல். வாய்ப் பகுதியில், இரு பக்க ஓரத்திலிருந்தும் 4 இன்ச் தள்ளி, கைப்பிடி முனைகளை ஒரு இன்ச் உள்ளே வைத்துச் சதுரமாகப் பின் தையல், சதுரத்துக்குள் குறுக்காக ஒரு பெருக்கல் குறி. பாரம் முழுக்க இங்கேதான் விழும், அவசரப்படாதீர்கள்.

கடைசியில் துண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, கிளிப் போட்டு, இரண்டு பக்கமும் அரை இன்ச் விட்டுப் பின் தையல். திருப்பினால் 14 இன்ச் அகலம், 16 இன்ச் உயரத்தில் பை.

20 நிமிடக் கணக்கில் முதல் பைக்கு எங்களுக்கு எட்டு நாள் ஆனது. மஞ்சளில் முக்கி எடுத்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெயிலில் வெளுத்துவிடும். குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அல்லது மஞ்சள் காடாவே வாங்கிவிடுங்கள்.

9. மெஷினுக்கு மாறுவது

பை முடிந்து, குழந்தையே கேட்டால் மட்டும். மோட்டார் வேண்டாம். பெடலில் கால் பட்டவுடன் பாயும் வேகத்தைக் குழந்தையால் அடக்க முடியாது. கால் மெஷின் நல்லது. கை மெஷின் கிடைத்தால் இன்னும் நல்லது. நீங்கள் சக்கரத்தைச் சுற்றினால் குழந்தை இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு நாள் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கால் மட்டும். சக்கரம் எப்போதும் தன் பக்கமாகவே சுற்ற வேண்டும், பின்னால் சுற்றினால் நூல் அறும். பெல்ட்டை மாட்டிய பின், தொடங்கும்போது கையால் சக்கரத்தைத் தன் பக்கம் ஒரு சுற்று தள்ளிவிட்டு, அந்த ஓட்டத்தைக் கால் பிடித்துக்கொள்ளும்படி பழக்குங்கள்.

அடுத்த நாட்களில் பெல்ட்டை மாட்டி, நூல் இல்லாமல், பழைய ஊசியில், கோடு போட்ட நோட்டுத் தாளில். டெய்லர் அண்ணன் சொல்லிக்கொடுத்தது இது. கோட்டின் மேலேயே துளை விழ வேண்டும். நேர்கோடு வந்த பிறகு சதுரம். மூலையில் ஊசியைத் தாளுக்குள் இறக்கி வைத்துவிட்டு, ஃபுட்டை (மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பாதம்) தூக்கித் தாளைத் திருப்ப வேண்டும். பிறகு தட்டை வைத்து வரைந்த வட்டம். தாளில் ஓட்டிய ஊசி மழுங்கியிருக்கும், துணிக்குப் புது ஊசி போடுங்கள். காடாவுக்கு 14ஆம் எண் சரி. ஊசியை மாற்றும்போது பழையதன் மட்டமான பக்கம் எந்தத் திசையில் இருந்தது என்று பார்த்துக்கொண்டு கழற்றுங்கள்.

ஊசிக்கு இரண்டு பக்கமும் மெஷின் பலகையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். விரல் அந்தச் சிவப்பைத் தாண்டக்கூடாது. துணியை இழுக்கவும் கூடாது, அடியில் இருக்கும் பற்களே தள்ளிக்கொண்டு போகும். இழுத்தால் ஊசி வளைந்து உடையும். என் மகளுக்கு நடந்தது அதுதான்.

அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால் எல்லாரும் கீழ் நூல் சுற்றியிருக்கும் பாபினைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தப்பு மேல் நூலில் இருக்கும். ஃபுட்டைத் தூக்கி வைத்து, மேல் நூலை முழுதாக உருவிவிட்டு முதலிலிருந்து கோருங்கள். தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

10. மெஷின் வாங்கும்போது தாள்கள்

நான் வாங்கிய பழைய மெஷின் 4,000 ரூபாய், பில் கிடையாது. ஒரே மாதத்தில் பாபின் கேஸ், பெல்ட், சர்வீஸ் என்று 850 ரூபாய் ஆனது. விற்றவரிடம் திரும்பிப் போனால், "நான் கொடுத்ததா இது?" என்று கேட்டார். காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை.

பழையது வாங்கினாலும் தேதி, தொகை, மெஷினின் உடம்பில் பொறித்திருக்கும் எண், விற்பவர் கையெழுத்து, இந்த நான்கும் உள்ள ஒரு தாளை எழுதி வாங்கிவிடுங்கள். புதிதென்றால் ஜி.எஸ்.டி. பில், கடை முத்திரையும் தேதியும் போட்ட வாரண்டி அட்டை. முத்திரை போடாத அட்டையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், கடையிலேயே பார்த்துக் கேளுங்கள். பணம் கொடுக்கும் முன் உங்கள் காடாத் துண்டில் ஒரு முழம் தைத்துப் பாருங்கள். மேலும் கீழும் தையல் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

அரசு இலவசத் தையல் மெஷின் தருகிறதே, அதை வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சமூகநலத் துறை வழியாக வரும் அந்தத் திட்டம் கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், வறுமையில் உள்ள பெண்கள் போன்றவர்களின் பிழைப்புக்கானது. வயது வரம்பு 20 முதல் 40. குழந்தைக்காக அதற்கு அலைய வேண்டாம். அக்கம்பக்கத்தில் தகுதியான பெண் யாராவது இருந்தால் மாவட்ட சமூகநல அலுவலகத்துக்கு வழி சொல்லுங்கள்.

11. வகுப்பும் சான்றிதழும்

வகுப்பில் சேர்க்கும் முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். குழந்தைகள் தனியாக இருக்கிறார்களா, பெரியவர்களோடு கலந்தா? ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்? முதல் வாரத்தில் என்ன தைப்பார்கள்? பதில் "பிளவுஸ்" என்றால் வந்துவிடுங்கள். சில அரசுப் பள்ளிகளில் தையலுக்கென்று சிறப்பாசிரியர் இருக்கிறார், முதலில் பள்ளியில் கேளுங்கள்.

தனியார் வகுப்பு தரும் சான்றிதழுக்காகக் கூடுதல் பணம் கட்டாதீர்கள். பெரிய வகுப்புக்கு வந்த பிறகும் ஆர்வம் இருந்தால், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலும் உண்டு. கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு படி. தகுதியும் கட்டணமும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும், அதைப் படித்துவிட்டு முடிவு செய்யலாம்.

12. உடைந்த ஊசி

மழுங்கியது, வளைந்தது, உடைந்தது எதையும் குப்பைக் கூடையில் போடாதீர்கள். பிரிக்கும்போது தூய்மைப் பணியாளர் கையில் ஏறும். மூடி உள்ள ஒரு பிளாஸ்டிக் மாத்திரை டப்பாவில் சேர்த்து வையுங்கள். உடைந்தால் இரண்டு துண்டும் டப்பாவுக்குள் போனதா என்று குழந்தையே பார்த்துப் போடட்டும். நிறைந்ததும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே "ஊசி" என்று பெரிதாக எழுதி, குப்பை வண்டி வரும்போது கையில் கொடுத்துச் சொல்லுங்கள். எங்கள் டப்பாவில் அந்த எழுத்தைச் சின்னவன்தான் எழுதினான்.